மகாராஜா கோப்பையும் கர்நாடகத்தின் வட்டார அணிகளும்

கர்நாடக மாநிலக் கிரிக்கெட் சங்கம் மழைக்காலத்தின் நடுவில் நடத்தும் இருபது ஓவர் லீக்குக்கு இப்போதைய பெயர் மகாராஜா கோப்பை. 2009 முதல் 2019 வரை அது கர்நாடக பிரீமியர் லீக் என்று வழங்கியது. ஆட்டக்காரர்களும் பார்வையாளர்களும் கேபிஎல் என்றே சொன்னார்கள். இன்று அதில் ஆறு அணிகள் ஆடுகின்றன: மைசூர் வாரியர்ஸ், ஹூப்ளி டைகர்ஸ், மங்களூர் டிராகன்ஸ், குல்பர்கா மிஸ்டிக்ஸ், சிவமொக்கா லயன்ஸ், பெங்களூரு பிளாஸ்டர்ஸ். ஒவ்வொன்றும் ஓர் ஊரின் பெயரைத் தாங்கியிருந்தாலும், எந்த ஊரின் கிரிக்கெட் கழகத்திலிருந்தும் இவற்றில் ஒன்றுகூட முளைக்கவில்லை. இந்தப் போட்டியின் வரலாற்றைப் படிக்கும்போது முதலில் மனத்தில் கொள்ள வேண்டியது இது.

வட்டார லீக்குகள் உலகில் பொதுவாக இதற்கு நேர்மாறான வழியில்தான் உருவாயின. வட இங்கிலாந்தின் ரக்பி லீக் அதற்குத் தெளிவான சான்று. லங்காஷயர், யார்க்ஷயர் பகுதிகளின் ஆலைத் தொழிலாளர்களும் சுரங்கத் தொழிலாளர்களும் ஆடிய ரக்பி கழகங்கள் அங்கே ஏற்கெனவே வேரூன்றியிருந்தன. ஆட்டத்துக்காக வேலையை விட்டு வரும் நாளின் கூலியை ஆட்டக்காரருக்கு ஈடுகட்டலாமா என்ற தகராறில், 1895 ஆகஸ்ட் 29 அன்று ஹட்டர்ஸ்ஃபீல்டின் ஜார்ஜ் ஹோட்டலில் கூடிய கழகங்கள் தாய்ச்சங்கத்திலிருந்து பிரிந்தன. விகன், லீட்ஸ், செயின்ட் ஹெலன்ஸ் போன்ற கழகங்கள் முதலில் இருந்தன. லீக் பிறகு வந்தது. கர்நாடகத்தில் லீக் முதலில் வந்தது, அணிகளை அது உண்டாக்கிக்கொண்டது. அணிகள் தோன்றி மறைந்த வேகத்துக்கும், சில மட்டும் நிலைத்ததற்கும் காரணம் பெரும்பாலும் இந்த வரிசை மாற்றத்தில் கிடைக்கிறது.

கழகங்களே இல்லாத மாநிலம் அல்ல கர்நாடகம். மைசூர் மாநிலக் கிரிக்கெட் சங்கம் 1933இல் அமைந்தது. மறு ஆண்டு நவம்பர் 4 அன்று சேப்பாக்கத்தில் ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டமே சென்னைக்கும் மைசூருக்கும் நடந்தது. எம்.ஜே. கோபாலன் முதல் பந்தை வீசினார். மைசூர் 48 ஓட்டங்களுக்குச் சுருண்டது. சென்னை 130 எடுத்தது. மைசூர் மறுபடி ஆடி 59இல் முடிந்தது. மூன்று நாள் ஆட்டம் ஒரே நாளில் இன்னிங்ஸ் வெற்றியாக முடிந்துபோனது. ஏ.ஜி. ராம்சிங் இரண்டு இன்னிங்ஸிலும் சேர்த்து 35 ஓட்டங்களுக்கு 11 விக்கெட் எடுத்தார். அந்த அடியிலிருந்து மைசூர் மெல்ல எழுந்தது. 1941-42 பருவத்தில் இறுதி ஆட்டம் வரை போய் பம்பாயிடம் தோற்றது. 1973இல் மாநிலத்தின் பெயர் கர்நாடகம் என்று மாறியபோது சங்கமும் பெயரை மாற்றிக்கொண்டது. அந்தப் பருவத்திலேயே பிரசன்னாவின் தலைமையில் அணி முதன்முறையாக ரஞ்சிக் கோப்பையை வென்று, பதினைந்து ஆண்டுகளாகக் கோப்பையை விட்டுக்கொடுக்காத பம்பாயின் ஆதிக்கத்தை முடித்தது.

இந்த எழுச்சிக்குப் பின்னால் இருந்தவை சங்கத்தின் டிவிஷன் லீக்கில் ஆடிய கழகங்கள். பெங்களூரு யுனைட்டட் கிரிக்கெட் கிளப், ஸ்வஸ்திக் யூனியன், ஜவான்ஸ், வல்ச்சர்ஸ் முதலியவை அவற்றுள் சில. ராகுல் திராவிட் பெங்களூரு யுனைட்டட் கிளப்புக்கு ஆடினார். அனில் கும்ப்ளே யங் கிரிக்கெட்டர்ஸில் தொடங்கினார். சென்னையின் முதல் டிவிஷன் லீக்கில் கம்பெனிகள் அணிகளை ஏற்று, ஆட்டக்காரர்களுக்கு வேலையும் கொடுத்து வளர்த்தன. பெங்களூருக் கழகங்கள் பெரும்பாலும் பேட்டைகளிலும் நண்பர் குழுக்களிலும் பிறந்து, சந்தாவிலும் ஓரிருவர் கைக்காசிலும் ஓடியவை. சங்கத்தின் தேர்தலில் வாக்குரிமை உடையவையும் இவையே. ஆனால் இவற்றைப் பார்க்கக் கூட்டம் வருவதில்லை.

பெங்களூருக்கு வெளியே சங்கம் மாநிலத்தை மண்டலங்களாகப் பிரித்திருக்கிறது: மைசூர், தும்கூர், சிவமொக்கா, மங்களூர், தார்வாட், ராய்ச்சூர். மண்டல அணிகள் தங்களுக்குள் ஆடும். அதில் தேறுபவர் தலைநகருக்கு வந்து ஏதாவது ஒரு கழகத்தில் இடம் பிடித்தால்தான் மாநிலத் தேர்வாளர்களின் கண்ணில் படுவார் என்பதே நெடுங்கால நடைமுறை. மைசூரின் மரிமல்லப்பா பள்ளியிலும் ஜெயச்சாமராஜேந்திரா பொறியியல் கல்லூரியிலும் படித்த ஜவகல் ஸ்ரீநாத், 1989இல் ஹைதராபாத்துக்கு எதிரான தம் முதல் ரஞ்சி ஆட்டத்திலேயே ஹாட்ரிக் எடுத்து அந்தத் தடையைத் தாண்டினார். எல்லோருக்கும் அப்படி வாய்ப்பதில்லை. மண்டலத்து இளைஞர் தலைநகருக்குக் குடிபெயராமலே தொலைக்காட்சி வெளிச்சத்தில் ஆட ஒரு மேடை வேண்டும் என்ற எண்ணம் கேபிஎல்லின் நோக்கங்களில் ஒன்றாக இருந்தது. ஐபிஎல் கண்ட பெரும் வருவாயின் கவர்ச்சியும் கூடவே இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

கேபிஎல் 2009இல் தொடங்கியபோது சங்கத்தின் தலைவர் மைசூர் அரச குடும்பத்தின் ஸ்ரீகண்டதத்த நரசிம்மராஜ உடையார். அணிகளின் உரிமை ஏலத்தில் விற்கப்பட்டது. மங்களூர் யுனைட்டட், மலநாடு கிளாடியேட்டர்ஸ், பெல்காம் பேந்தர்ஸ், பிஜாப்பூர் புல்ஸ், தாவணகெரே டயமண்ட்ஸ், மைசூர் மகாராஜாஸ் ஆகியவற்றோடு பெங்களூரின் பெயரில் நகர்ப்புறத்துக்கு ஒன்றும் ஊரகத்துக்கு ஒன்றுமாக இரண்டு அணிகள் களமிறங்கின. முதல் கோப்பையை ஊரக அணியான பிராவிடண்ட் வென்றது. அடுத்து மங்களூர் யுனைட்டட் வென்றது. 2010இல் சங்கத்தின் நிர்வாகம் கும்ப்ளே தலைமைக்குக் கைமாறியது. அதன்பின் சில ஆண்டுகள் போட்டி நடக்கவே இல்லை. 2013 டிசம்பர் தொடக்கத்தில் உடையார் மறுபடி தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டு, சில நாட்களிலேயே, டிசம்பர் 10 அன்று காலமானார். 2014இல் போட்டி உயிர்பெற்றது. இந்த லீக்கின் ஒவ்வொரு இடைவெளியையும் மறுதொடக்கத்தையும் தேடினால் அவை சங்க நிர்வாகத்தின் வரலாற்றோடு ஒட்டியே வரும்.

இரண்டாம் கட்டத்தில் அணிப்பட்டியல் பாதிக்குமேல் புதிது. மலநாடும் தாவணகெரேயும் காணாமற்போயின. மகாராஜாஸ் வாரியர்ஸ் ஆனது. ஹூப்ளி டைகர்ஸ், பெல்லாரி டஸ்கர்ஸ் பிறந்தன. எந்த ஊரையும் சேராத ஓர் அணியும் இருந்தது. நடிகர் சுதீப் தலைமையில் கன்னடத் திரையுலகத்தினரும் உள்ளூர் ஆட்டக்காரர்களும் கலந்து ஆடிய ராக்ஸ்டார்ஸ்தான் அது. தேர்வாளர்கள் உட்கார்ந்து பார்க்கும் போட்டியில் திரை நட்சத்திரங்களுக்கு ஓர் அணி என்பது கூட்டம் சேர்க்க உதவியிருக்கலாம். கிரிக்கெட்டுக்கு அதனால் வந்த லாபம் கொஞ்சம்தான். சில பருவங்களில் அதுவும் மறைந்தது. பின்னர் சிவமொக்காவுக்கும் பெங்களூருக்கும் அணிகள் வந்தன. கோப்பை ஆண்டுக்கு ஒரு கை மாறியது: 2014இல் மைசூர், 2015இல் பிஜாப்பூர், 2016இல் பெல்லாரி, 2017இல் பெல்காம், 2018இல் மீண்டும் பிஜாப்பூர், 2019இல் ஹூப்ளி.

அணிப் பெயர்களை வரிசையாகப் படித்தால் மாநிலம் உருவான கதை கிடைக்கும். பெல்காம், பிஜாப்பூர், ஹூப்ளி மூன்றும் பழைய பம்பாய் மாகாணத்துக்கு உரியவை. குல்பர்கா நிஜாமின் ஹைதராபாத்தில் இருந்தது. மங்களூரும் பெல்லாரியும் சென்னை மாகாணத்தின் மாவட்டங்கள். பெல்லாரியின் பெரும்பகுதி 1953இல் மைசூரோடு சேர்ந்தது. மற்றவை 1956 நவம்பர் 1 அன்று மொழிவழி மாநிலம் அமைந்தபோது வந்தன. 1934இல் சேப்பாக்கத்தில் தோற்ற மைசூர் அணி மன்னராட்சிப் பகுதியின் அணி. மங்களூர்க்காரர் ஒருவர் அன்று இருந்திருந்தால் அவர் எதிரணியின் மாகாணத்தைச் சேர்ந்தவர். கேபிஎல்லின் பெயர்ப்பட்டியல் இந்த வேறுபட்ட நிலப்பகுதிகளை ஒரே அட்டவணையில் எதிரெதிராக நிறுத்திப் பார்த்தது. அந்த அளவில் அது வெறும் விளம்பர ஏற்பாடு அல்ல.

பெயர் ஊருக்கு உரியது, ஆட்டக்காரர்? ஏலத்தில் அணி எடுப்போர் தம் வட்டாரத்தைச் சேர்ந்த சிலரையாவது கட்டாயம் எடுக்க வேண்டும் என்ற விதி இருந்துவருகிறது. மற்ற இடங்கள் எல்லாம் ஏலத்துக்கு. எனவே பட்டியலில் உள்ள பெரிய பெயர்கள் ஆண்டுதோறும் ஊர் மாறுகின்றன. மணீஷ் பாண்டே இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. நைனிதாலில் பிறந்து பெங்களூரில் ஆடி வளர்ந்த அவர், 2022இல் குல்பர்காவின் தலைவராகக் கோப்பையை வாங்கினார். 2023இல் ஹூப்ளியின் தலைவராக வாங்கினார். 2025இல் மைசூரின் தலைவராக நின்றார். நான்கு ஆண்டுக்குள் வட கர்நாடகத்தின் இரண்டு ஊர்களுக்கும் தென் கர்நாடகத்தின் ஓர் ஊருக்கும் அவரே முகம். ரசிகருக்கு இதில் பெரிய மனக்குறை இருப்பதாகத் தெரியவில்லை. ஐபிஎல் அவரை இதற்குப் பழக்கிவிட்டது.

வட்டாரத்துப் பையனுக்கு மேடை என்ற நோக்கம் எந்த அளவு பலித்தது என்பதற்கு இரண்டு சுழற்பந்து வீச்சாளர்களைப் பார்க்கலாம். குடகைச் சேர்ந்த கே.சி. கரியப்பா பிஜாப்பூர் புல்ஸுக்கு ஆடியபோது முதல்தர ஆட்டம் ஒன்றுகூட ஆடியவர் இல்லை. 2015 ஐபிஎல் ஏலத்தில் 10 லட்சம் அடிப்படை விலையில் இருந்த அவரைக் கொல்கத்தா அணி 2.4 கோடிக்கு எடுத்தது. அந்தப் பருவத்தில் அவருக்கு ஒரே ஆட்டம்தான் கிடைத்தது. அதில் எடுத்த விக்கெட் ஏ.பி. டிவில்லியர்ஸுடையது. ஹூப்ளி டைகர்ஸின் சிவில் கௌசிக் இடக்கை மணிக்கட்டுச் சுழல் வீச்சாளர். தலை ஒரு பக்கம் சாய, உடல் இன்னொரு பக்கம் முறுக்க, பந்து எங்கிருந்து வருகிறது என்றே தெரியாத வீச்சு அவருடையது. 2016இல் குஜராத் லயன்ஸ் அவரை அழைத்துக்கொண்டது. இருவருமே மாநில அணியின் படிகளில் ஏறாமல் நேராக ஐபிஎல்லுக்குப் போனவர்கள். கேபிஎல் ஓர் ஏணி என்று சொன்னவர்கள், அந்த ஏணி மாநில அணியைத் தொடாமலே மேலே போகும் என்று எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். பிற்காலத்தில் மன்வந்த் குமார், மனோஜ் பாண்டகே, ஸ்மரண் போன்றோர் இதே வழியில் ஐபிஎல் அணிகளின் கண்ணில் பட்டார்கள்.

இந்தப் போட்டியில் எடுக்கும் ஓட்டங்களுக்கு அதிகாரபூர்வ டி20 கணக்கில் இடம் கிடையாது. 2019 ஆகஸ்ட் 23 அன்று பெங்களூரில் பெல்லாரி டஸ்கர்ஸின் கிருஷ்ணப்பா கௌதம் செய்ததை நினைத்தால் இந்த விதியின் கடுமை புரியும். மழையால் 17 ஓவராகக் குறைந்த ஆட்டத்தில் அவர் 56 பந்துகளில் ஆட்டமிழக்காமல் 134 அடித்தார், 13 சிக்ஸர்கள். பிறகு பந்தைக் கையில் எடுத்து நான்கு ஓவரில் 15 ஓட்டம் கொடுத்து 8 விக்கெட். சிவமொக்கா 70 ஓட்டங்களில் தோற்றது. ஒரே ஆட்டத்தில் இரண்டையும் ஒருவர் செய்தது உலகின் எந்தப் பதிவேட்டிலும் முதல் வரியில் நிற்க வேண்டிய சாதனை. நிற்கவில்லை, ஏனென்றால் அது கேபிஎல்.

அதே 2019இல் லீக் சரிந்தது. இறுதி ஆட்டம் முடிந்த சில வாரங்களில் பெங்களூரு மத்தியக் குற்றப்பிரிவு சூதாட்டம், ஸ்பாட் ஃபிக்ஸிங் குற்றச்சாட்டுகளில் விசாரணை தொடங்கி, அணி உரிமையாளர் ஒருவரையும் பயிற்சியாளர்களையும் பெயர்பெற்ற ஆட்டக்காரர்களையும் கைது செய்தது. வழக்கு உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 2022 ஜனவரியில் நீதிமன்றம், ஆட்டத்தை முன்கூட்டியே நிச்சயிப்பது ஒழுங்கீனமாக இருக்கலாம், ஆனால் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 420ஆம் பிரிவு சொல்லும் ஏமாற்றுக் குற்றத்தில் அது அடங்காது, நடவடிக்கை எடுப்பது கிரிக்கெட் வாரியத்தின் வேலை என்று கூறிக் குற்றப்பத்திரிகையை ரத்து செய்தது. டிக்கெட் வாங்கிய பார்வையாளர் தாமாக விரும்பி வாங்கியவர், அவரை யாரும் தூண்டி வாங்கவைக்கவில்லை என்பது தீர்ப்பின் சாரம். இந்திய விளையாட்டுச் சட்டம் பற்றிப் பேசுவோர் இந்தத் தீர்ப்பை இன்றும் எடுத்துக்காட்டுகிறார்கள். இதற்கெனத் தனிச் சட்டம் இல்லாத குறையை அது வெளிச்சமிட்டது.

2020, 2021 இரண்டு ஆண்டுகளும் போட்டி இல்லை. கொரோனாவும் ஒரு காரணம். 2022இல் சங்கம் பழைய பெயரை விட்டுவிட்டு, மறைந்த உடையாரின் நினைவாக மகாராஜா கோப்பை என்ற பெயரில் போட்டியைத் திரும்பக் கொண்டுவந்தது. முதல் ஆண்டில் உரிமையாளர் என்ற ஏற்பாடே இல்லை. அணிகள் சங்கத்தின் கையில் இருந்தன, நிறுவனங்கள் விளம்பரதாரராக மட்டும் நின்றன, வீரர்களைத் தேர்வாளர்களும் பயிற்சியாளர்களும் பங்கிட்டுக்கொண்டார்கள். பணம் பேசும் இடத்தை ஒரு பருவம் மூடிவைத்துப் பார்த்த முயற்சி அது. மறு ஆண்டே ஏலம் திரும்பிவிட்டது. ஓர் அணி செலவிடக்கூடிய மொத்தத் தொகைக்கு 50 லட்சம் என்று வரம்பு உண்டு. அதற்குள் ஒருவருக்கே 13, 14 லட்சம் போவதும், பட்டியலின் அடியில் இருப்பவர் 50,000க்கு வருவதும் சாதாரணம். 2024இல் மைசூர் அணி திராவிடின் மகன் சமித்தை எடுத்தது அந்த 50,000க்குத்தான்.

புதிய கட்டத்தின் கோப்பைகள்: 2022இல் குல்பர்கா, பெங்களூரை 11 ஓட்டத்தில் வென்றது. 2023இல் ஹூப்ளி, மைசூரை 8 ஓட்டத்தில். 2024இல் மைசூர், பெங்களூரை 45 ஓட்டத்தில். 2025இல் மங்களூர். பெல்காம், பிஜாப்பூர், பெல்லாரி ஆகிய பெயர்கள் புதிய போட்டியில் இடம்பெறவில்லை. இரண்டு முறை கோப்பை வென்ற பிஜாப்பூர் புல்ஸ் இன்று வெறும் பதிவு. 2014இல் தோன்றி, போட்டி நடந்த ஒவ்வோர் ஆண்டும் விடாமல் ஆடிவருபவை இரண்டே அணிகள்: மைசூர் வாரியர்ஸ், ஹூப்ளி டைகர்ஸ். இரண்டும் இரண்டிரண்டு கோப்பை வென்றவை. இதைத் தற்செயல் என்று தள்ள முடியாது. பெங்களூருக்கு வெளியே லீக் ஆட்டங்கள் மீண்டும் மீண்டும் நடந்த ஊர்கள் மைசூரும் ஹூப்ளியும்தான். ஊரின் பெயரோடு ஊரில் மைதானமும் சேர்ந்த இடத்தில் அணி தங்கியது; பெயர் மட்டும் இருந்த இடத்தில் உரிமையாளரோடு போய்விட்டது.

மைசூருக்கு மூன்றாவதாக ஒன்றும் உண்டு. 2014 முதல் வாரியர்ஸின் உரிமை என்.ஆர். குழுமத்திடம். 1948இல் என். ரங்கராவ் மைசூரில் தொடங்கிய ஊதுவத்தித் தொழிலின் வழி வந்த நிறுவனம் அது. சைக்கிள் பிராண்ட் என்ற பெயரில் தேவராஜ மொஹல்லாவின் சந்தைக் கடைகளிலிருந்து தமிழ்நாட்டுக் கிராமத்துப் பெட்டிக்கடை வரை விற்கும் பொருளின் முதலாளியே நகரத்து அணிக்கும் முதலாளி. மைசூருக்கு உள்ளூர்க்காரரே உரிமையாளராக அமைந்தார். தொழிலும் ஊரும் ஒன்றாக இருக்கும் இப்படிப்பட்ட அணியில்தான் பழைய கழகத்தின் சாயல் கொஞ்சம் தென்படுகிறது.

மைசூரின் மைதானம் மானசகங்கோத்ரியில் பல்கலைக்கழக வளாகத்தை ஒட்டியது. கங்கோத்ரி கிளேட்ஸ் என்று வழங்கியது. இப்போது ஸ்ரீகண்டதத்த நரசிம்மராஜ உடையார் மைதானம். தேவராஜ மொஹல்லாவின் மணிக்கூண்டிலிருந்து மேற்கே சில கிலோமீட்டர். கான்கிரீட் கேலரிகள் சூழ்ந்த விளையாட்டரங்கம் அல்ல அது. மரங்கள் சூழ்ந்த திறந்தவெளி. இந்த ஊர் கிரிக்கெட்டை எப்படிப் பார்க்கும் என்று நாடு அறிந்தது 2010 ஜனவரியில், ரஞ்சி இறுதி ஆட்டம் இங்கே நடந்தபோது. மும்பை முதலில் 233. கர்நாடகம் 130இல் முடிந்தது. மும்பையின் இரண்டாவது இன்னிங்ஸ் 234. வெற்றிக்கு 338 தேவை என்ற நிலையில் கர்நாடகம் 46 ஓட்டத்துக்கு 3 விக்கெட்டை இழந்தது. இருபது வயது மணீஷ் பாண்டேயும் கணேஷ் சதீஷும் சேர்ந்து 209 ஓட்டம் சேர்த்தார்கள். உட்கார இடம் போதாமல் கூட்டம் மரங்களிலும் பக்கத்துக் கூரைகளிலும் ஏறியது. பாண்டே 144இல் வெளியேறியபின் அஜித் அகர்கர் வரிசையைக் குலைத்தார். ஐந்து விக்கெட் அவருக்கு. 331இல் கடைசி விக்கெட் விழுந்தது. ஆறு ஓட்டத்தில் மும்பை கோப்பையை எடுத்துப்போனது. ரஞ்சி ஆட்டங்களுக்குக் காலி இருக்கைகளே வாடிக்கையாகிவிட்ட காலத்தில், இரண்டாம் நிலை நகரம் ஒன்றில் நான்கு நாளும் இப்படிக் கூட்டம் நின்றது. கேபிஎல்லின் 2018, 2019 இறுதி ஆட்டங்களை இங்கே நடத்தியவர்கள் இதை மறந்திருக்க மாட்டார்கள்.

வாரியர்ஸின் 2024 வெற்றி கருண் நாயரோடு சேர்த்துப் பேசப்படுவது. சேப்பாக்கத்தில் 2016இல் இங்கிலாந்துக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 303 அடித்தவர். ஆறு ஆண்டில் இந்திய அணி மட்டுமல்ல, கர்நாடக அணியும் அவரைக் கைவிட்டது. ரஞ்சியில் விதர்பாவுக்குப் போனார். ஆகஸ்டில் மட்டும் மைசூருக்குத் திரும்பி வந்து தலைவராக ஆடினார். அந்தப் பருவத்தில் மங்களூருக்கு எதிராக 48 பந்துகளில் ஆட்டமிழக்காமல் 124 அடித்தார். இறுதி ஆட்டத்தில் 66. மைசூர் 4 விக்கெட்டுக்கு 207 எடுக்க, பெங்களூரு 162இல் நின்றது. அடுத்த ஆண்டு அவர் இங்கிலாந்தில் மறுபடி டெஸ்ட் ஆடினார். மாநிலத் தேர்வாளர் ஒதுக்கியவருக்கு மாநில லீக்கின் ஓர் ஊர் அணி இடம் வைத்திருந்தது என்பது அமைப்பின் விசித்திரம்; அதன் பயனும் அதுவே.

அதே பருவத்தில் ஆகஸ்ட் 23 அன்று ஹூப்ளிக்கும் பெங்களூருக்கும் நடந்த ஆட்டம் தனியாகச் சொல்லத்தக்கது. ஹூப்ளி 164, பெங்களூரும் 164. முதல் சூப்பர் ஓவரில் இரண்டும் பத்துப் பத்து. விதிப்படி இன்னொரு சூப்பர் ஓவர்; அதில் எட்டு எட்டு. மூன்றாவதில் பெங்களூரு 12 எடுத்தது. ஹூப்ளிக்குக் கடைசிப் பந்தை எதிர்கொண்டவர் மன்வந்த் குமார். பந்துவீச்சில் ஏற்கெனவே நான்கு விக்கெட் எடுத்திருந்தவர். அதைப் பவுண்டரிக்கு அனுப்பி முடித்தார். மூன்று சூப்பர் ஓவர் கண்ட ஆட்டம் கிரிக்கெட்டில் மிக அரிது. சிவமொக்காவின் அபினவ் மனோகர் அந்த ஆண்டு 52 சிக்ஸர் அடித்தும் அவருடைய அணிக்குக் கோப்பை கிட்டவில்லை.

தமிழ்நாட்டின் டிஎன்பிஎல் 2016இல் தொடங்கியது, கேபிஎல்லுக்கு ஏழு ஆண்டு பிந்தியது. அங்கும் அணிகள் ஊர்ப் பெயரில் விற்கப்பட்டவையே. ஆனால் திண்டுக்கல் அருகே நத்தத்தின் கல்லூரி மைதானத்துக்கும் திருநெல்வேலியின் சங்கர் நகருக்கும் பின்னர் கோவை, சேலத்துக்கும் ஆட்டங்களைக் கொண்டுபோவதில் அது தொடக்கத்திலிருந்தே அதிகப் பிடிவாதம் காட்டியது. கர்நாடகத்தில் 2023, 2024 பருவங்கள் முழுவதும் பெங்களூரின் சின்னசாமி அரங்கத்தில் முடிந்தன. ஆறு ஊர்களின் அணிகள் ஒரே ஊரில் ஆடின.

2025இல் நிலைமை வேறுவிதமாகத் திரும்பியது. ஜூன் 4 அன்று சின்னசாமி அரங்கத்துக்கு வெளியே ஐபிஎல் வெற்றிக் கொண்டாட்டத்தின் நெரிசலில் 11 பேர் இறந்தார்கள். அதன்பின் அங்கே போட்டி நடத்தக் காவல்துறையின் அனுமதி கிடைக்கவில்லை. மகாராஜா கோப்பை முழுவதும் மைசூருக்கு வந்தது. ஆகஸ்ட் 11 முதல் 28 வரை எல்லா ஆட்டங்களும் உடையார் மைதானத்தில். இறுதி ஆட்டத்தில் ஹூப்ளி 8 விக்கெட்டுக்கு 154 எடுத்தது. மங்களூர் டிராகன்ஸ் 10.4 ஓவரில் 2 விக்கெட்டுக்கு 85 என்று இருந்தபோது மழை பெய்து ஆட்டம் நின்றது. இப்படிப்பட்ட நேரத்தில் இந்த லீக் டக்வர்த் லூயிஸ் முறையைப் பின்பற்றுவதில்லை. கேரளத்தின் பொறியாளர் வி. ஜெயதேவன் வகுத்த விஜேடி முறையே இங்கு நடப்பு, டிஎன்பிஎல்லிலும் அதுவே. அந்தக் கணக்கின்படி மங்களூர் 14 ஓட்டம் முன்னால் இருந்தது. கோப்பை டிராகன்ஸுக்கு.